வளையத்தின் உரிமையாளர்

ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துச் சங்கதிகளைத் தோண்டித் துருவி எழுதிவைத்தவர் ஆந்தனி வுட். அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த எழுத்தாளர்கள், பேராயர்கள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 1691-92இல் 'அத்தீனே ஆக்ஸோனியென்சஸ்' என்ற பெருநூலாக வெளியிட்டார். அதில் ஒரு மருத்துவரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார். தாமஸ் வில்லிஸ் எழுதிய மூளை உடற்கூற்று நூலில் உடற்கூறு சார்ந்தது எதுவோ, அதன் பெருமை முழுவதும் உதவியாளர் ரிச்சர்ட் லோயருக்கே சேர வேண்டும் என்கிறார். அந்த நூல் வெளிவந்த ஆண்டு 1664. வுட் இதை அச்சேற்றியபோது வில்லிஸ் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. லோயரும் 1691 ஜனவரியில் காலமாகிவிட்டார். ஆமென்று சொல்லவோ இல்லையென்று மறுக்கவோ இருவருமே உயிரோடில்லை.

வேறொரு நூலாக இருந்தால் பழைய ஊர்ப்பேச்சு என்று விட்டிருப்பேன். இதை விட மனம் வரவில்லை. உலகில் எங்கே மருத்துவம் படித்தாலும் முதலாண்டிலேயே வில்லிஸின் பெயரைப் படித்தாக வேண்டும். மூளைக்கு நான்கு தமனிகள் ரத்தம் கொண்டுபோகின்றன. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, அவை கரோட்டிட் தமனிகள். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பது அதுதான். மற்ற இரண்டும் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக ஏறி, பிடரித் துவாரத்தில் நுழைந்து, மண்டையோட்டுக்குள் ஒன்றாகச் சேர்கின்றன. இந்த முன் இரண்டும் பின் இரண்டும் மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தைச் சுற்றி, சிறு கிளைகளால் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாகின்றன. அதற்குத்தான் 'வில்லிஸ் வளையம்' என்று பெயர். உடல் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் உடல் ஓய்வில் இருக்கும்போது இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதமும், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கே போய்விடுகின்றன. சில நிமிடங்கள் ரத்தம் நின்றாலும் மூளை தாங்காது. அப்படிப்பட்ட உறுப்பின் வாசலில் இருக்கும் வளையத்துக்கு யார் பெயரைச் சூட்டியிருக்கிறோம், அவர் அதற்குத் தகுதியானவர்தானா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

முதலில் குற்றம்சாட்டப்பட்டவரின் வாக்குமூலம். 'செரிப்ரி அனட்டோமே' லத்தீனில் எழுதப்பட்டது. லண்டனில் ஃபிளெஷர் அச்சிட, மார்ட்டினும் அலெஸ்ட்ரியும் வெளியிட்டார்கள். கேன்டர்பரிப் பேராயர் ஷெல்டனுக்குக் காணிக்கை. சாமுவேல் போர்டேஜ் 1681இல் ஆங்கிலமாக்கிய பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னுரையைப் படித்தேன். வில்லிஸ் 1660இல் இயற்கைத் தத்துவப் பேராசிரியரானவர். ஆன்மாவையும் புலன்களையும் பற்றி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தான் சொல்வதில் பெரும்பகுதி ஊகம் என்பது உறைத்தது என்று அதில் எழுதுகிறார். இனிமேல் மற்றவர்கள் சொன்னதையும் நம்புவதில்லை, தன் மனம் கட்டிக்கொண்டதையும் நம்புவதில்லை, கண்ணால் கண்டதையே நம்புவது என்று முடிவெடுத்துக் கத்தியைக் கையிலெடுத்ததாகச் சொல்கிறார். அடுத்து வருவதுதான் இந்த வழக்குக்கு முக்கியம். லோயரின் பெயரைச் சொல்லி, அவருடைய கைத்திறனும் உழைப்பும் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது என்கிறார். கூடவே இருந்து ஒவ்வொன்றையும் விவாதித்த தாமஸ் மில்லிங்டனுக்கும், படங்கள் பலவற்றைத் தன் கையாலேயே வரைந்து தந்த கிறிஸ்டபர் ரென்னுக்கும் நன்றி சொல்கிறார். வுட் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததாக நினைத்த ரகசியம், இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே நூலின் முகப்பில் அச்சாகியிருக்கிறது.

இருந்தாலும், நன்றி சொல்லிவிட்டதால் மட்டும் ஒருவர் சுத்தமானவர் ஆகிவிடமாட்டார். பாதிப் பங்கை ஒப்புக்கொண்டு முழுப் பங்கையும் மறைப்பதும் உண்டு. ஆகவே லோயர் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டியிருந்தது. லோயர் அப்போது ராபர்ட் பாயிலுக்குக் கடிதங்கள் எழுதிவந்தார். வாயுக்களைப் பற்றிய விதியால் நாம் பள்ளியில் அறிந்த அதே பாயில். 1662இல் எழுதிய ஒரு கடிதத்தில், மூளையின் பகுதிகள் பெரும்பாலும் அரைகுறையாகவே வர்ணிக்கப்பட்டிருப்பதை டாக்டர் கண்டுகொண்டார், முழுவதையும் புதிதாக வரையவும் ஒவ்வொரு பகுதியின் பயனையும் தன் கருத்துப்படி எழுதவும் எண்ணியிருக்கிறார் என்று செய்தி சொல்கிறார். டாக்டர் என்றது வில்லிஸை. நூல் வெளிவர இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே, யாருடைய திட்டம் இது என்பதற்கு வுட் யாருக்காக வாதாடினாரோ அவரே சாட்சி. 1665இல் வில்லிஸின் காய்ச்சல் பற்றிய நூலை ஒருவர் தாக்கியபோது, ஆசிரியருக்காக மறுப்பு நூல் எழுதியவரும் லோயர்தான். உழைப்பைப் பறிகொடுத்தவர் செய்யும் காரியமாக அது தெரியவில்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. வில்லிஸின் வகுப்புகளில் குறிப்பெடுத்தவர்களில் ஒருவர் ஜான் லாக், பிற்காலத்தில் மனித அறிவைப் பற்றிய பெருநூலை எழுதிய தத்துவவாதி. அந்தக் குறிப்புகளைக் கென்னத் டியூஹர்ஸ்ட் 1980இல் பதிப்பித்தார். மூளையின் பகுதிகளுக்கு என்ன வேலை என்ற விசாரணை பேராசிரியரின் வாயிலிருந்தே வகுப்பில் ஓடிக்கொண்டிருந்ததை அவற்றில் காணலாம். கத்தி பெரும்பாலும் லோயரின் கையில் இருந்திருக்கும். எங்கே வெட்டுவது, எதற்காக வெட்டுவது என்பது வில்லிஸிடமிருந்து வந்தது. வுட்டின் குற்றச்சாட்டை இதோடு தள்ளுபடி செய்துவிடலாம் என்பது என் முடிவு.

ஆனால் இந்த வழக்கின் ஏடுகளைப் புரட்டியதில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று முளைத்தது. வில்லிஸுக்கு முன்பே வளையத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள்.

இதற்குப் பண்டைய மருத்துவர் கேலன் காலம்வரை போக வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவர் அறுத்துப் பார்த்தவை மாடு, ஆடு, பன்றி. அவற்றின் மூளைக்கடியில் கரோட்டிட் தமனி நூல்நூலாகப் பிரிந்து ஒரு பின்னலாகக் கிடக்கும். அதை 'அற்புத வலை' என்று வர்ணித்தார். உயிராற்றல் அந்த வலையில் புடம்போடப்பட்டு மூளைக்கான நுண்ணாற்றலாகிறது என்பது அவருடைய கோட்பாடு. மனிதனுக்கு அந்த வலை இல்லை. இருந்தும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனித மூளையிலும் அதைப் படித்தார்கள், படம் வரைந்தார்கள். போலோனாவில் பெரெங்காரியோ 1520களின் தொடக்கத்தில் முதல் அடி கொடுத்தார். இதற்காகவே நூறு தலைகளுக்கு மேல் அறுத்தும் வலையைக் காணவில்லை என்று எழுதினார். வெசாலியஸ் 1538இல் வெளியிட்ட படத்தாள்களில் வலையை வரைந்திருக்கிறார். 1543இல் வந்த பெருநூலில் அது மனிதனிடம் இல்லை என்று மறுத்துவிட்டு, கேலன்மீது கொண்ட பற்றால் முன்பெல்லாம் மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போது வலையைக் காட்டுவதற்காக ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ பக்கத்தில் தயாராக வைத்திருந்ததையும் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐரோப்பாவின் தலைசிறந்த உடற்கூற்று ஆசிரியர், மாணவர்கள் முன்னால் தான் செய்த காரியத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

ஆனால் வெசாலியஸும் வளையத்தைக் காட்டவில்லை. வலை இருப்பதாகச் சொன்ன இடத்துக்குச் சற்று மேலேதான் வளையம் இருக்கிறது. வலையைத் தேடியவர்கள் வலை இல்லை என்று கண்டதும் தேடலை நிறுத்திவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அறுக்கும் முறையும் ஒரு காரணம். மூளையை மண்டைக்குள்ளேயே வைத்து மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே வருவது அன்றைய வழக்கம். அடிப்பாகத்துக்கு வந்து சேர்வதற்குள் மூளை குழைந்து, தமனிகள் ரத்தம் வடிந்து ஒட்டிப்போயிருக்கும்.

1561இல் வெனிஸில் வெளியான நூலில் ஃபலோப்பியோ இந்தத் தமனிகளின் இணைப்பை நெருங்கி வர்ணித்துவிட்டார். அந்த நூலில் படம் கிடையாது. படம் வருவது கசேரியோவின் கையால். பதுவாவில் ஃபாப்ரிசியஸிடம் ஏவலாளாகச் சேர்ந்து பேராசிரியர் பதவிவரை உயர்ந்தவர் அவர். அருமையான செப்புத்தகட்டுப் படங்களைத் தயாரித்து வைத்துவிட்டு, வெளியிடும் முன்பே 1616இல் இறந்துபோனார். அவை 1627இல்தான், ஸ்பைகேலியஸ் என்ற இன்னொரு பேராசிரியரின் நூலோடு சேர்த்து வெனிஸில் வெளியாயின. வில்லிஸின் நூலுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் முன்பே தமனி இணைப்பு அச்சில் படமாகிவிட்டது. 1647இல் வெஸ்லிங்கும் வரைந்தார். 1658இல் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் வெப்ஃபர், திடீர் வாதத்தில் விழுந்து இறந்தவர்களின் தலைகளைத் திறந்து பார்த்து ஒரு நூல் எழுதினார். மூளைக்குள் ரத்தக்குழாய் உடைந்து கசிவதே பலருக்கு அந்த வாதத்தைக் கொண்டுவருகிறது என்று நிறுவிய நூல் அது. தமனிகளின் போக்கையும் வளையத்தையும் அதில் சொற்களால் தெளிவாக வர்ணித்திருக்கிறார்.

முதலில் கண்டவருக்கே உரிமை என்றால் வில்லிஸுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. அப்படியிருந்தும் 18ஆம் நூற்றாண்டின் பெரும் உடற்கூற்று அறிஞரான ஹாலர், எல்லோரையும் படித்தவர், 1774இல் வளையத்தை வில்லிஸ் பெயரால் குறித்தார். ஏன்?

அதற்கான முதல் தடயம் ரென் வரைந்த படத்தில் கிடைத்தது. பிற்காலத்தில் லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டப்போகிறவர் அப்போது வானியல் பேராசிரியர். நூலின் முதல் படத்தில் மனித மூளை மண்டையிலிருந்து முழுதாக எடுக்கப்பட்டு, கவிழ்த்து, அடிப்புறம் மேலே தெரிய வைக்கப்பட்டிருக்கிறது. வரோலியோ 1573லேயே இப்படிக் கீழிருந்து பார்க்கும் முறையைச் சொல்லியிருந்தார். ஆனால் இந்தத் தெளிவு அதற்கு முன்பு எங்கும் இல்லை. நடுவே வளையம் மூடிய கோடாக நிற்கிறது. அதிலிருந்து கிளைகள் இரு பக்கமும் மூளையின் மடிப்புகளுக்குள் நுழைகின்றன. முன்னால் முகர்வு நரம்புகள், அடுத்துப் பார்வை நரம்புகள், பின்னே மூளைத்தண்டின் இருபுறமும் சோடிசோடியாகப் புறப்படும் நரம்பு வேர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தால், சிறுமூளையின் மடிப்புகளுக்கு ரென் இட்டிருக்கும் நெருக்கமான கோடுகள் தமனியின்மீது ஏறவே இல்லை. தமனி வெளுப்பாக, தனித்துத் தெரிகிறது. எது கண்ணில் பட வேண்டும் என்று தெரிந்து வரைந்த கை அது.

ரென் இன்னொன்றும் கொண்டுவந்தார். 1656இல் அவரும் பாயிலும் ஒரு நாயின் ரத்தக்குழாயில் இறகுக் குழல் வழியாக அபின் கரைசலைச் செலுத்திப் பார்த்தவர்கள். அந்த உத்தி வில்லிஸின் அறைக்கு வந்தது. மை கலந்த திரவத்தை ஒரு பக்கக் கரோட்டிட் தமனியில் பீய்ச்சினார்கள். அந்தப் பக்கத்துக் கிளைகள் மட்டும் கறுக்கவில்லை. மறுபக்கத்துக் கிளைகளும், பின்பக்கத் தமனிகளும் கறுத்தன. ஒரு வாசலில் நுழைந்தது எல்லா வாசலுக்கும் போகிறது. ரத்தம் சுற்றி ஓடுகிறது என்று ஹார்வி 1628இல் நிறுவிய பிறகுதான் இப்படி ஒரு சோதனையை நினைத்துப் பார்க்கவே முடியும். உள்நாட்டுப் போரின்போது ஹார்வி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார், அவர் விட்டுச்சென்ற சிந்தனை அங்கே உயிரோடு இருந்தது. கசேரியோவிடம் இல்லாதது இதுதான்.

இரண்டாவது தடயம் ஒரு சடலத்தைப் பற்றிய சில வரிகள். நூல் முழுவதையும் படித்த பிறகு, இந்த வழக்கைத் தீர்ப்பது அவைதான் என்று எனக்குப் பட்டது. வயிற்றுக்குள் பெரிய கட்டியோடு இறந்துபோன ஒரு மனிதன். பெயர் இல்லை. உடலை அறுத்தவர்கள் மண்டையையும் திறந்தார்கள். வலக் கரோட்டிட் தமனி மண்டைக்குள் நுழையும் பகுதியில் கல்லாக இறுகி, உட்துளை ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்தது. இந்த ஆள் எப்போதோ வாதத்தில் விழுந்து இறந்திருக்க வேண்டுமே என்று வில்லிஸ் வியக்கிறார். ஆனால் கடைசிவரை அவனுடைய புத்திக்கோ கைகால்களுக்கோ ஒரு குறையும் வரவில்லை. தேடிப் பார்த்ததில் காரணம் அதே பக்கத்தில் இருந்தது. வலப்பக்கத்து முதுகெலும்புத் தமனி, இடப்பக்கத்துச் சோடியைப்போல மூன்று மடங்கு பருத்திருந்தது. முன்வாசல் அடைபட்டதும் பின்வாசல் அகன்று, வளையத்தின் வழியாக அந்தப் பாதி மூளைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறது. கண்மாய்க்கு நான்கு வரத்துக்கால் இருந்து ஒன்று தூர்ந்துபோனாலும், உள்ளே தண்ணீர் எல்லா மடைக்கும் ஏறுவதுபோல.

ஃபலோப்பியோ, கசேரியோ, வெஸ்லிங், வெப்ஃபர் நால்வரும் வளையத்தைக் கண்டார்கள். அது எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு, மையோடிய தமனியையும் கல்லாகிப்போன தமனியையும் சான்றாக வைத்துப் பதில் சொன்னது இந்த நூல்தான். பெயர் பொருத்தமானதே என்று எனக்கு நிறைவு. ஒரே ஒரு வருத்தம், லோயரின் பெயர் அதோடு ஒட்டவில்லை.

இதே படத்திலுள்ள நரம்புகளின் கதையும் சுவையானது. மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகளைக் கேலன் ஏழு சோடி என்றார். வில்லிஸ் ஒன்பது என்றார். முகர்வு, பார்வை, கண்ணை அசைக்கும் மூன்றாவதும் நான்காவதும், முக உணர்வின் ஐந்தாவது, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது என அவர் இட்ட முதல் ஆறு எண்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஏழாவதில் முக நரம்பையும் செவி நரம்பையும் ஒன்றாகக் கட்டினார். எட்டாவதில் மூன்றைச் சேர்த்துவிட்டார். ஒன்பதாவது நாக்கை அசைப்பது. எட்டாவதன் கூட்டாளி ஒன்று கழுத்துப் பகுதியின் தண்டுவடத்திலிருந்து முளைத்து, மண்டைக்குள் ஏறிப்போய், மறுபடி வெளியே வந்து தோளையும் கழுத்தையும் அசைக்கும் தசைகளுக்குப் போகிறது. இந்த விசித்திரப் பயணத்தைத் தெளிவாக விவரித்தவர் வில்லிஸ் என்பதால் நெடுங்காலம் அந்தத் துணை நரம்பும் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. 1778இல் கெட்டிங்கனில் இருபத்து மூன்று வயது சோமெரிங் தன் ஆய்வேட்டில் கட்டுகளைப் பிரித்துப் பன்னிரண்டு சோடிகளாக்கினார். நாம் படிப்பது அந்தக் கணக்கு. இங்கிலாந்து சுலபத்தில் அசையவில்லை. 1858இல் வந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூலில் ஒன்பதுதான். அந்த நூலை மானிப்பாயில் மருத்துவப்பள்ளி நடத்திய சாமுவேல் கிறீன் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அந்த மரபு யாழ்ப்பாணத்து மாணவர்களின் கைக்கு வந்த வழி அது.

நரம்பையும் தமனியையும் ஒரே படத்தில் வரைந்ததன் அருமை இன்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் தெரியும். மூன்றாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, வளையத்தின் பின்பக்க இணைப்புத் தமனியை ஒட்டியே முன்னால் ஓடுகிறது. அந்த இணைப்பு தொடங்கும் இடத்தில் தமனிச்சுவர் வலுவிழந்து குமிழாகப் புடைத்தால் நரம்பை அழுத்தும். கண்மணியைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால் பெரும்பாலும் முதல் அடி அவற்றுக்குத்தான். ஒரு கண்ணின் இமை தொங்கி, கண்மணி விரிந்து, தலைவலியோடு ஒருவர் வந்தால் மருத்துவர் தாமதிக்காமல் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான். குமிழ் வெடித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

ஒன்றை மட்டும் ரென்னின் படத்தை வைத்து நம்பக்கூடாது. அந்த வளையம் இரு பக்கமும் ஒன்றுபோல, முழுமையாக இருக்கிறது. அப்படிப்பட்ட வளையம் மனிதர்களில் பாதிக்கும் குறைவானவர்களிடமே உண்டு. சிலருக்கு ஓர் இணைப்பு நூலிழையாக மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. அதனால் ஒரு தமனியை மூடினால் மற்றவை மூளையைக் காப்பாற்றுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆஸ்ட்லி கூப்பர் 1805இல் கழுத்துத் தமனியின் வீக்கத்துக்காகக் கரோட்டிட் தமனியைக் கட்டினார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. 1808இல் இன்னொருவருக்குக் கட்டினார். அவர் வேலைக்குத் திரும்பி, பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1821இல் இறந்தார். கூப்பர் விடாமல் சடலத்தைப் பரிசோதித்து, அறுவையையும் பரிசோதனையையும் ஒரே கட்டுரையாக 1836இல் வெளியிட்டார்.

இப்போது கழுத்துத் தமனியை நிரந்தரமாக மூட வேண்டிய நிலை வந்தால் முதலில் அதற்குள் சிறு பலூனைச் செலுத்தி ஊதி, தற்காலிகமாக அடைக்கிறார்கள். நோயாளி விழித்திருப்பார். கையைத் தூக்கச் சொல்வார்கள், விரல்களை எண்ணச் சொல்வார்கள், பெயரைக் கேட்பார்கள். பேச்சு குழறினாலோ கை தளர்ந்தாலோ உடனே பலூனைச் சுருக்கிவிடுவார்கள். ஏறக்குறைய அரைமணி நேரம் தாக்குப்பிடித்தால்தான் தமனியை மூடுவதைப் பற்றிப் பேசுவார்கள்.